அரண்மனை வாசலில் காப்புச் சேலை

பிச்சைமுத்து ஓட்டிய லாரிக்கு ஒரு பக்கம் கதவு கிடையாது. மேடு ஏறினால் தண்ணீர் கொதிக்கும். கொதித்தால் அவர் உடனே மூடியைத் திறக்கமாட்டார். நிழலில் நிறுத்தி, ஒரு பீடியைக் குடித்து முடிக்கும்வரை அதனோடு பேசிக்கொண்டிருப்பார். இயந்திரமானாலும் கோபம் ஆற நேரம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீட்டினால் தாங்காது.

துறையூர்ப் பக்கத்துக்காரர். மீசை அரும்பும் முன்பே கங்காணியோடு கப்பலேறி, மலாயாவில் பத்து காஜா என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தார். கை கத்தியில் இருந்தாலும் கண் லாரியில் இருந்தது. ரப்பர் ஷீட்டு ஏற்றிப்போகும் லாரியில் கிளீனராக ஏறி டிரைவராக இறங்கியவன் என்று கூலிகளின் லயத்து வீடுகளில் கேலி செய்வார்கள். லாரி போன இடத்திலெல்லாம் அவர் வாயும் கூடவே போனது. சீனன் கடையில் நாலு வார்த்தை, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் நாற்பது வார்த்தை என்று சேர்த்துக்கொண்டார். சாமான் கொண்டுபோய்க் கொடுக்கக் கோலகங்சார்வரை ஓட்டியதில், ஆற்றங்கரை மேட்டிலிருந்த பழைய மர அரண்மனையின் காவற்காரரோடு பழக்கம் உண்டானது. காவற்காரரை அந்த நாட்டில் ஜாகா என்பார்கள். அந்த ஜாகா வெற்றிலை போடுகிறவர். பிச்சைமுத்து போகும்போதெல்லாம் நல்ல பாக்காகப் பார்த்து வாங்கிப் போவார். பாக்குக்குப் பதிலாகக் கதைகள் கிடைத்தன. எந்தத் தூண் எந்தக் காட்டு மரம், எந்த மண்டபத்தில் யார் செருப்போடு நடக்கலாம் என்பதெல்லாம் பிச்சைமுத்துவுக்கு மனப்பாடம்.

அவர் மனைவி இருளாயி அதே தோட்டத்தில் பால் வெட்டினாள். அவர் பேசினால் ஊர் சிரிக்கும். அவள் பேசினால் அவர் சிரிப்பதை நிறுத்துவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் மழைக்காலக் காய்ச்சல் அவரைப் படுக்கவைத்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொய்னா மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி சாமி விட்ட வழி என்று கையை விரித்தார்கள். இருளாயி நேரே தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். இவர் எழுந்து நடந்தால் மறு திருவிழாவில் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். அவர் எழுந்தார், நடந்தார், லாரியும் ஓட்டினார்.

மறு வருடம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்றே இருளாயி மஞ்சளில் தோய்த்த சேலைக்கு மாறினாள். தீ மிதித்துக் காப்பு அவிழ்க்கும்வரை வேறு துணி உடம்பில் படாது. ஒரு வேளைச் சோறுதான். இரவு தோட்டத்தின் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது.

அந்த நாட்களில்தான் அந்தப் பயணம் வந்து சேர்ந்தது.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்தவர் குலசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு ஈப்போவில் தியாகராஜா என்று ஓர் உறவினர். வாடகைக் கார் வைத்திருந்தவர். காலையில் ஆட்களை ஏற்றி, கோட்டை அரண்மனையெல்லாம் சுற்றிக் காட்டி, பொழுது சாய்வதற்குள் வீட்டில் கொண்டுபோய் இறக்கும் தொழிலைத் தொடங்க நினைத்தார். கார் ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள். ஓட்டிக்கொண்டே கதை சொல்லத் தெரிந்தவன் அவருக்குக் கிடைக்கவில்லை. குலசிங்கம் பிச்சைமுத்துவின் பெயரைச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரியிலேயே போய்ப் பார்ப்போம், பிடித்திருந்தால் வேலை, இருக்க வீடு ஈப்போவின் புந்தோங்கில் என்று பேச்சானது.

பிச்சைமுத்துவுக்கு அந்த வாரம் தூக்கம் சரியாக இல்லை. லயத்தை விட்டுப் போகலாம். விடியலில் ஆள் எண்ணும் பிரட்டுக்கு மணி அடித்து எழுப்ப ஆள் இருக்காது. இருளாயி பால்வாளி தூக்க வேண்டாம். எல்லாம் அந்த ஒரு ஞாயிற்றில் இருந்தது.

ஆகவே முன்கூட்டியே கிராணி வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் பாடம் நடத்தினார். மலாய் அரண்மனையில் மஞ்சள் ராஜ குடும்பத்துக்கு மட்டும் உரிய நிறம், மற்றவர் உடுத்திப்போனால் மரியாதைக் குறைவு என்றார். கிராணியின் மனைவி ஞானம்மா எடுத்துவைத்திருந்த மஞ்சள் பட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். புறப்படும் நேரத்தில் அவள் கைக்குழந்தையின் தலையில் மஞ்சள் ரிப்பன் இருப்பதைக் கண்டு அதையும் அவிழ்க்கச் சொன்னார். ஈப்போவிலிருந்து வந்திருந்த தியாகராஜா அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்தக் குழந்தை இருளாயியின் இடுப்பைத் தவிர வேறு இடுப்பில் தங்காது. அதனால் அவளும் வரட்டும் என்று ஞானம்மா சொன்னாள். பொழுதோடு திரும்பிவிடுவதால் காப்புக்குக் குற்றமில்லை என்று இருளாயியும் ஏறிக்கொண்டாள். ஏற்றிவிட்டவர் பிச்சைமுத்துதான். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அந்தச் சேலை அவர் மூக்கருகே போயிற்று. மஞ்சள் என்றால் அவருக்குப் பட்டு, குடை, ரிப்பன். இவள் உடுத்தியிருந்தது காப்புச் சேலை. அதற்கு நிறம் உண்டு என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

முதலில் ஈயச் சுரங்கத் துரை ஒருவர் கட்டிக்கொண்டிருந்த கோட்டைக்குப் போனார்கள். செங்கல் சுவர், பாதி எழும்பிய கோபுரம், மாடி இல்லாத இடத்துக்கு ஏறிப்போகும் படிக்கட்டு. துரை சீமைக்குப் போயிருந்தார். வேலை நின்றிருந்தது. பிச்சைமுத்து அங்கே வெளுத்துவாங்கினார்.

“படியில பாத்து ஏறுங்க. இது துரை கோவத்துல ஏறுற படி. ஏறுனா எறங்க மட்டுந்தான் முடியும்.”

தியாகராஜா கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குலசிங்கம்கூடச் சிரித்தார், அவர் துரையைப் பற்றிய பேச்சுக்குச் சிரிக்கிறவர் அல்ல. சுண்ணாம்பு மலைகளைத் தாண்டி வடக்கே போகும் வழியெல்லாம் தியாகராஜா முன்சீட்டிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். வேலை ஏறக்குறையக் கையில் விழுந்துவிட்ட மாதிரி இருந்தது. அன்று லாரிகூடக் கொதிக்கவில்லை.

அரண்மனை வாசலில் ஜாகா பாக்கை வாங்கிக்கொண்டு எல்லாரையும் உள்ளே வரச் சொன்னார். கிராணி போனார், ஞானம்மா போனாள், தியாகராஜா தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார். கடைசியாகக் குழந்தையோடு இருளாயி வந்தாள். ஜாகா கையை நீட்டி மறித்தார்.

அதட்டவில்லை. அந்தத் துணியோடு உள்ளே விட முடியாது, தன் வேலை போய்விடும் என்று மலாயில் மெதுவாகத்தான் சொன்னார். பிச்சைமுத்து திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாக அந்தச் சேலை அவர் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்தது. தலையிலிருந்து கால்வரை, பகல் வெயிலில், பளிச்சென்று.

ஜாகா அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லா விதியும் தெரிந்தவன் கூட்டி வந்த கூட்டத்தில் இப்படி ஒருத்தியா என்ற வியப்பு அவர் முகத்தில் இருந்தது.

“லு பூஞ்ஞா பினி கா?” என்று கேட்டார். உன் பெண்டாட்டியா என்று கேள்வி.

தியாகராஜா இரண்டு அடி தள்ளி, தொப்பியும் கையுமாக நின்று கவனித்துக்கொண்டிருந்தார்.

“பூக்கான்,” என்றார் பிச்சைமுத்து. இல்லை என்று அர்த்தம். கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். “எஸ்டேட் கூலி.”

ஞானம்மா கணவனைப் பார்த்தாள். குலசிங்கம் அரண்மனைக் கூரையைப் பார்த்தார். அவருக்கு இருவரையும் தெரியும். ஆபீசில் பேர் பதிந்தவரே அவர்தான். ஞானம்மா தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து, இதைப் போர்த்திக்கொண்டு வாரும் பிள்ளை என்றாள். ஜாகாவும் அது போதும் என்பதுபோலத் தலையசைத்தார்.

இருளாயி குழந்தையை ஞானம்மாவின் கையில் கொடுத்தாள்.

“இருக்கட்டும்மா. எஸ்டேட் கூலிக்கு உள்ள என்ன வேல? நான் இப்படி நெழல்ல உக்காந்திருக்கேன்.”

கம்பத்து மீன்காரனிடம் தினமும் பேரம் பேசுகிறவள். மலாய் அவளுக்கும் வரும். அது பிச்சைமுத்துவுக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் மறந்திருந்தார், அவ்வளவுதான்.

உள்ளே அவர் எல்லாவற்றையும் காட்டினார். பின்னிய மூங்கில் சுவரைக் காட்டினார். ராஜா அமரும் மேடையைக் காட்டினார். தூண்களின் மரப்பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றும் விட்டுப்போகவில்லை, ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கிற மாதிரி எதையும் சொல்லவில்லை. குழந்தை இருளாயியைக் கேட்டு அழுதது. அதன் அழுகை மரத்தரையில் மோதி எல்லா அறைக்கும் போனது. அவர் குரலை உயர்த்தித் தூண்களைப் பற்றிப் பேசினார்.

வெளியே வந்தபோது இருளாயி வேலியோரம் மரநிழலில் உட்கார்ந்திருந்தாள். ஜாகா தன் முக்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் குந்தியிருந்தார். பக்கத்தில் ஓர் இளநீர் வெட்டாமல் கிடந்தது. விரதம் என்று அவள் வாங்கிக்கொள்ளவில்லையாம்.

ஜாகா பிச்சைமுத்துவைத் தனியே ஒதுக்கிச் சொன்னார். அந்தக் கூலிப் பெண்ணிடம் அது என்ன துணி என்று விசாரித்தாராம். புருஷன் சாகக் கிடந்தான், பிழைத்தால் நெருப்பில் நடப்பதாக வேண்டிக்கொண்டேன், அதற்குத்தான் என்றாளாம். யார் புருஷன் என்று கேட்டதற்கு மட்டும் ஆற்றைப் பார்த்தாளாம். கொடுத்துவைத்தவன், அவன் உங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறானா, உனக்குத் தெரியுமா என்று ஜாகா கேட்டார்.

சொல்லியிருக்கலாம். தியாகராஜா அப்போது பக்கத்தில் இல்லை. லாரியருகே குலசிங்கத்தோடு பேசிக்கொண்டிருந்தார். மறிக்க ஆளில்லை, சொல்வதால் வேலையும் போய்விடாது. நான்தான் என்று ஒரு சொல். பிச்சைமுத்து லாரியின் முன்னால் போய்க் குனிந்து கைப்பிடியைச் சுழற்றினார். என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் போயிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்திருக்கலாம்.

திரும்பும் வழியில் தியாகராஜா முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். முன்சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் கம்பிவலைதான். பேசினால் பின்னால் கேட்கும்.

“குலசிங்கம் இப்பதான் சொன்னவர். அவ உம்மட மனுசியாம்.”

பிச்சைமுத்து சாலையைப் பார்த்தார்.

“நல்லாச் சமாளிச்சீர். வேற ஆள் எண்டால் வாசலிலேயே குழம்பிப் போயிருப்பான். எனக்கு இப்பிடிப் புத்தியுள்ள ஆள்தான் வேணும். வாற மாசமே வாரும்.”

அவர் அன்று திட்டியிருந்தால் பிச்சைமுத்துவுக்கு அது மருந்தாக இருந்திருக்கும். “சரிங்க,” என்றார். வலைக்குப் பின்னால் இருளாயி குழந்தையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். தட்டுவது ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

கிராணி வீட்டில் எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு அவளை முன்சீட்டுக்கு வரச் சொன்னார். பின்னால் காற்று நன்றாக வருகிறது என்றாள். அங்கே அப்படிச் சொன்னது வேலைக்காக என்று தொடங்கினார். தெரியும் என்று முடித்துவிட்டாள்.

இருளாயி தீ மிதித்தாள். கால் சுடவில்லை. பிச்சைமுத்து கூட்டத்தில் பின்னால் நின்றார். முன்னே போக இடம் இருந்தது.

வேலைக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். புந்தோங்கில் தகரக் கூரை வீடு கிடைத்தது. இருளாயி அதன்பின் பால்வாளி தூக்கவில்லை. ஈப்போவிலிருந்து கோட்டை பார்க்கவும் அரண்மனை பார்க்கவும் வருகிறவர்களுக்கு அவர்தான் கார் ஓட்டினார், அவர்தான் கதை சொன்னார். மஞ்சள் சமாசாரம் வந்தால், யாராவது தெரியாமல் உடுத்திக்கொண்டு வந்ததுண்டா என்று கேட்பார்கள். ஒரு பொம்பள வந்துச்சு என்பார். யார் என்று சொன்னதில்லை.

ஆனால் வேறு ஒரு பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. இருளாயியோடு வெளியே போனால் எதிரில் வருகிறவரிடமெல்லாம் இது என் சம்சாரம் என்று சொல்லத் தொடங்கினார். மளிகைக் கடைச் செட்டியாரிடம் சொன்னார். அவருக்கு அது பல காலமாகத் தெரியும். பல் பிடுங்கும் சீனனிடம் சொன்னார். கோயிலில் தேங்காய் உடைக்கிற பண்டாரத்திடம் இரண்டு முறை சொன்னார். புந்தோங்கில் பையன்கள் அதை வைத்துக் கேலி செய்தார்கள். அண்ணே, இது யாருண்ணே என்று வேண்டுமென்றே கேட்பார்கள். அதற்கும் நின்று பதில் சொல்வார். இருளாயி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னே நடந்துவிடுவாள்.

சில ஆண்டுகள் கழிந்து, ஒரு தைப்பூசத்துக்குத் தியாகராஜா காரைக் கொடுத்தார். இருளாயியை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிப் போனார். பாலத்தருகே ஒரு மலாய்ப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தி, ஜன்னலருகே வந்து ஏதோ கேட்டார்.

“இனி சாயா பூஞ்ஞா பினி,” என்றார் பிச்சைமுத்து, அவள் பக்கம் கையைக் காட்டி. இவள் என் பெண்டாட்டி.

போலீஸ்காரர் விழித்தார். இருளாயி நேரே பார்த்தபடி சொன்னாள்.

“அவரு லைசன்ஸக் கேக்குறாரு.”

பிச்சைமுத்து சட்டைப்பைக்குள் கையை விட்டுத் தேடினார்.