பேசாமல் ஐந்து நிமிடம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பஸ்ஸில் ரெட்டியார்பாளையத்தில் இறங்க வேண்டியவர், இடம் தெரியாமல் வில்லியனூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்த கதையெல்லாம் உண்டு. ஆபரேஷனுக்கு நாள் குறித்துப் போனால், பி.பி. அதிகம் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறையும் அனுப்பினால் இனி ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். நெல்லித்தோப்பு மருந்துக்கடையில் பி.பி. பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வந்து நானே டாக்டர் ஆனேன். கடைக்குப் போய்விட்டு மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நிற்பவரைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைப்பேன். கால் தொங்கும். முழுக்கைச் சட்டைக்கு மேலேயே மெஷின் பட்டையைச் சுற்றுவேன். அது காற்றை அடைத்துக் கையை இறுக்கும்போதுதான் என் விசாரணை தொடங்கும்.

"டீக்கடையில இன்னா தின்னீங்க?"

"ஒண்ணும் தின்னல."

"சட்டையெல்லாம் வடை எண்ணெ. ஒண்ணும் தின்னலயாம்!"

நூற்று எழுபத்தெட்டு. ஒரு பாட்டம் திட்டிவிட்டு, மூச்சுவிட நேரம் கொடுக்காமல் மறுபடி பார்ப்பேன். நூற்று எண்பத்தாறு. உப்பைக் குறைத்தேன், பிறகு அடியோடு நிறுத்தினேன். மனுஷன் அந்த உப்பில்லாத ரசத்தையும் குடித்தார். எண் மட்டும் இறங்கவில்லை.

மூன்றாவது முறை போனபோது அங்கிருந்த நர்ஸ், வீட்டில் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நீங்க எடுத்தது பி.பி. இல்லம்மா, ஒங்க சண்டையோட அளவு."

அவரைப் பாத்ரூம் போய்வரச் சொன்னாள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய உட்காரவைத்தாள். சட்டையின் ஒரு கையைக் கழற்றி, வெறும் கையில் பட்டையைக் கட்டி, நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வைத்தாள். "அஞ்சு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. முக்கியமா நீங்க," என்று என்னைப் பார்த்தாள்.

நான் எதிரில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் நெளிய ஆரம்பித்தார்.

"ஏன் பேசாம இருக்கிற? டாக்டர் எதனா சொன்னாரா?"

இல்லை என்று தலையாட்டினேன். அந்தக் கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

"எங்கிட்ட மறைக்கிறியா?"

நூற்று அறுபத்திரண்டு. மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ? நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அம்மா, நாலு வார்த்த திட்டிட்டு வெளிய போயிடுங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு நான் பாக்கறேன்."

"ஒழுங்கா குந்துங்க. ஒங்களோட இன்னொரு தடவ என்னால அலைய முடியாது," என்றேன்.

"அதானே," என்று அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "நூத்தி முப்பத்தாறு. ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும் பாத்தேன், நூத்தி முப்பத்திநாலு. உள்ள கூட்டிட்டுப் போறோம்."

பச்சைத் தொப்பி மாட்டி அவரை அழைத்துப் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. சின்ன வேலைதான், சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்தப் பட்டையை என் கையில் கட்டியிருந்தால் மெஷின் வெடித்திருக்கும்.