மேப்புக்கு மேல் மேப்

பெரிய டர்போவும் இன்டர்கூலரும் பிரிக்காத பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தன. நான் இன்னும் ஒரு பெட்டியையும் தொடவில்லை.

வண்டிக்காரர் முருகேசன், தேஹு ரோடு டெப்போவில் வேலை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன டர்போ ஹாட்ச்பேக் கார்.

"லோனாவ்ளா மலை ஏத்தத்துல லாரிய ஓவர்டேக் பண்றேன், பாதியிலயே இழுவை போச்சுங்க. எதிர்ல பஸ்ஸு. பின்னாடி வீட்டுக்காரி, ரெண்டு பிள்ளைங்க. எவ்வளவு பவர் ஏத்த முடியுமோ ஏத்திருங்க."

ஞாயிற்றுக்கிழமை மும்பையில் அவர் மச்சானுக்குக் கல்யாணம், அதே மலைப்பாதையில்தான் போய்த் திரும்ப வேண்டும். விஷ்ராந்த்வாடியில் இருந்த எங்கள் ஒர்க்‌ஷாப்பின் முதலாளி, "ஜல்தி கரோ பாய்" என்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

எங்கள் கைக்கு நன்றாகப் பழகிய மாடல். அதன் ஒரிஜினல் மேப், அதாவது இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்று சொல்லும் புரோகிராம், எங்கள் லேப்டாப்பிலேயே இருந்தது. அப்படி இருந்தால் வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியுவில் இருப்பதைப் படிக்காமல் நேரே புது மேப்பை எழுதிவிடுவது எங்கள் தொழிலில் சகஜம். எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல இன்ஜின் ஏன் ஏற்றத்தில் பாதியில் நிற்க வேண்டும்? படித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஒரிஜினல் இல்லை. பழைய ஓனர் யாரிடமோ கொடுத்து, டர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்டை ஏற்றி, சொல்லாமல் விற்றிருக்கிறார்.

லேப்டாப்பை இணைத்து, முருகேசனை ஓட்டச் சொல்லி, கடக்வாஸ்லா பக்கம் போனோம். மூன்றாவது கியரில் முழுசாக மிதித்ததும் பெட்ரோல் பிரஷர் சரிந்தது, இன்ஜினுக்குள் பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிக்கும் நாக்கிங் எகிறியது.

"காலை எடுங்க, காலை எடுங்க!"

ஓரமாக நிறுத்தினார். பம்ப் ஏற்கெனவே திணறுகிறது, இதற்கு மேல் பெரிய டர்போ மாட்டினால் ஏற்றத்தில் பிஸ்டனே உருகிவிடும் என்று சொன்னேன்.

ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். "இதுலதாங்க தினம் பிள்ளைங்கள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."



பெட்டிகளைத் திருப்பி அனுப்பினேன். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும். புது பெட்ரோல் பம்ப், புது ஸ்பார்க் பிளக், கம்பெனி மேப், அவ்வளவுதான் அந்த வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்த அப்கிரேடு. மறுபடி ஓட்டிப் பார்த்தோம், பிரஷர் அசையவில்லை.

அப்படியும் ஞாயிறன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி அவர் மனைவி போன் செய்தார். "அண்ணா, வீடு வந்து சேந்துட்டோம். பிள்ளைங்க வழியெல்லாம் தூக்கம்."

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தெரிந்த மாடல்தானே என்று கை தானாக ஓடும். அந்த இடத்தில் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். நாம் பார்ப்பது இன்ஜினை மட்டும்தான், அதை நம்பிப் பின்சீட்டில் தூங்குகிறவர்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருவதே இல்லை.