கழுவிய போத்தலும் அவசர வாசலும்

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வெறும் போத்தலை எங்கே ஒளித்துக்கொண்டு போவீர்கள்? சும்மா சொல்லுங்கள், நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நான் பைலுக்குள் வைத்துக் கொண்டுபோனேன். பட்டச் சான்றிதழுக்கும் வேலை விண்ணப்பங்களுக்கும் நடுவில் ஒரு தட்டையான சாராயப் போத்தல், நன்றாகக் கழுவியது. கம்பஸ் படிப்பால் எனக்குக் கிடைத்த ஒரே பயன் அந்தப் பைல்தான்.

வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்துகிறேன். எங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் தண்ணி மருந்து இலவசம், போத்தல் நம்முடையது. காலையில் வரிசையில் நின்று துண்டு எடுத்து, டொக்டரைக் கண்டு, மருந்து யன்னலில் போத்தலை நீட்ட வேண்டும். மத்தியானத்தோடு யன்னலைச் சாத்திவிடுவார்கள். துறைமுகத்தில் வேலை செய்கிறவன் பின்னேரம்தானே ஆறுதலாக இருமலாம்? அவனுக்கு மிச்சமிருப்பது பக்கத்திலிருக்கும் அவசர வாசல். அதைச் சாத்துவதே இல்லை. உள்ளே ஒரு அலுமாரி நிறைய மருந்தும் உண்டு.

நான் அரைக் காற்சட்டை போட்ட காலத்தில் அந்த வாசலுக்கு ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கப்பல் தட்டிலிருந்து விழுந்தவர், தம்பலகாமத்து வயலில் பாம்பு கடித்தவர். நான் கம்பஸ் முடித்து வந்தபோது எல்லாரும் நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். தடிமன், சொறி, பல்லுக் குத்து. மகளின் கலியாணத்துக்கு முன் ஒருக்கால் பிரஷர் பார்த்துவிடுவோம் என்று வந்தவரும் உண்டு. வாசலில் நின்ற அற்றென்டன், பெரிய மீசைக்காரர், இதற்கு ஒரு சட்டம் கண்டுபிடித்தார். கையில் போத்தலோடு வருகிறவனுக்கு அவசரம் இல்லை. போத்தல் தேடிக் கழுவி மூடி பொருத்த நேரமிருந்தால், நாளைக் காலை வரைக்கும் நேரமிருக்கும்.

அருமையான சட்டம். நாங்கள் எல்லாரும் ஒளிக்கத் தொடங்கினோம். ஒருவர் குடைக்குள் வைத்தார். கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு உம்மா கருவாட்டுப் பைக்கு அடியில் வைத்தார். "அதுக்குள்ள கை வைக்க அவர்ட மூக்கு விடாது," என்று எனக்கு இரகசியமும் சொல்லித் தந்தார்.

ஒளிக்கத் தெரியாத ஒரே மனிதர் என் பெரியப்பா. லிங்கநகரில் எங்களோடுதான் இருக்கிறார். வெள்ளைக்காரன் இருந்த நாளில் துறைமுகத்தில் சேர்ந்து, வெள்ளைக்காரன் போன பிறகும் அங்கேயே கிரேன் ஓட்டுகிறவர். 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை இருந்தால் நடந்து போகும்போதும் மெதுவாகப் போவார்.

மூன்று கிழமைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடியுமுன்னே வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து நெஞ்சைத் தடவினார்.

"வாயுக் குத்துத்தான் தம்பி. கொஞ்சம் தண்ணி மருந்து குடிச்சாச் சரி."

பிறகு எழும்பிக் குசினிக்குப் போனார். போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவினார். சுடுதண்ணீர் விட்டுக் கழுவினார். மணந்து பார்த்து மறுபடி கழுவினார்.

"என்ன பெரியப்பா, போத்தலுக்கு ஞானஸ்நானமே?" என்று நான் நக்கலடித்தேன். அவர் சிரிக்கவில்லை. சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போனேன். என் ஓட்டத்தை ஒரு குறையும் சொல்லவில்லை. அவருடைய சேட்டு நனைந்து என் முதுகில் ஒட்டியது. வெயில் என்று நினைத்தேன்.

அவசர வாசலில் அற்றென்டன் கையை நீட்டி மறித்தார். "ஐயா, கையில என்ன?"

"போத்தல்," என்றார் பெரியப்பா, அதைத் தூக்கிக் காட்டி.

"அப்ப நாளைக்குக் காலமை அங்கால வரிசைக்கு வாங்கோ."

"ஓம் தம்பி, அதுதானே முறை."

சொல்லிவிட்டு உண்மையாகவே திரும்பினார்! இரண்டடி வைத்துச் சுவரைப் பிடித்தார். உதடு சாம்பல் பூத்திருந்தது. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது.

"அண்ணை, இது வாயு இல்லை. நெஞ்சு நோகுது அவருக்கு. உள்ள விடுங்கோ!"

"போன மாசம் உமக்கும் மூச்சு விட ஏலாமல்தானே இருந்தது? பைலுக்குள்ள என்ன இருந்ததெண்டு எனக்குத் தெரியாதெண்டே நினைச்சீர்?"

நான் பெரியப்பாவின் தோளைத் தாங்கிப் பிடித்தேன்.

வாங்கிலில் இருந்த கருவாட்டு உம்மா எழும்பிவிட்டார். "போத்தலப் பாக்கிறீங்களே, அந்த மனிசன்ட மொகத்தப் பாத்தீங்களா? வேர்வ ஊத்துது!"

நான் பெரியப்பாவின் கையிலிருந்து போத்தலைப் பறித்தேன். "மூடி புதுசடா," என்றார், அந்த நிலையிலும். மதிலுக்கு அங்கால் எறிந்தேன். உடைந்த சத்தம் கேட்டது.

"இப்ப போத்தல் இல்லை. இப்ப பாருங்கோ!"

அற்றென்டன் முதல் தடவையாகக் கையைப் பார்ப்பதை விட்டு முகத்தைப் பார்த்தார். உடனே பெரியப்பாவைத் தூக்கித் தள்ளுகட்டிலில் போட்டுக்கொண்டு, "விலகு, விலகு!" என்று கத்தியபடி ஓடினார். தடிமன்காரரும் சொறிக்காரரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். யாருடையதோ காலாணியைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

"எத்தினை மணிக்கு நோகத் தொடங்கினது?"

"பத்துக்கு," என்றார் பெரியப்பா.

"இப்ப ரெண்டு மணி. இவ்வளவு நேரமும் என்ன செய்தனீங்கள்?"

பெரியப்பா யோசித்து, ஒழுங்காகப் பதில் சொன்னார். "கிரேனை ஒப்படைச்சனான். பிறகு போத்தல் கழுவினனான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். "நீர் படிச்ச பிள்ளையெல்லே?"

மாரடைப்பு என்றார்கள். இரண்டு நாள் தாண்டினால் பார்ப்போம் என்றார்கள். தாண்டிவிட்டார்.

அற்றென்டன் இப்போது போத்தலைத் தேடுவதில்லை, முகத்தைப் பார்க்கிறார். ஆகவே ஊர் முழுக்க முகம் பழகுகிறது. நேற்று ஒரு தடிமன்காரர் நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்ததை என் கண்ணால் கண்டேன். எனக்கும் நாலு நாளாக இருமல். அந்த வாசலுக்குப் போக வெட்கம், காலை வரிசைக்கு நித்திரை விட்டு எழும்பப் பஞ்சி.

இப்போது பின்னேரம் மூன்றேகால் மணி, மருந்து யன்னல் சாத்தியாயிற்று. பெரியப்பா ஏழாம் வார்ட்டில் கிடக்கிறார். கட்டிலை விட்டு இறங்க இன்னும் விடவில்லை. இருமலோடு அவரைப் பார்க்கப் புறப்படுகிறேன், பைலுக்குள் போத்தல் இல்லாமல்.