குழிக்கு வந்த உப்பு

எங்கள் நாய் இறந்து கிடந்த காலையில், அழுவதற்கு முன்பே நான் திரும்பிப் பார்த்தது பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டைத்தான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்து, உத்தனப்பள்ளி போகும் வழியில் புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அந்த மனைகளையெல்லாம் விற்ற விவசாயியே எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மிச்சம் வைத்திருந்த தோட்டத்தில் மாவும் தென்னையும் நின்றன, கோழிகளும் வளர்த்தார். குழாய்த் தண்ணீர் வராத அந்தத் தெருவுக்கு அவருடைய போர்வெல்தான் கதி. காலையில் அவர் மோட்டார் போட்டால் எங்கள் தொட்டி நிறையும்.

சில நாட்களுக்கு முன்புதான் நாய் அவருடைய கோழி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்திருந்தது. வாசலுக்கு வந்தவர் சிரித்தபடியேதான் என் கணவரிடம் கேட்டார்.

“ஏன் சார், உங்க ஊர்ல நாய்க்குச் சோறு போடற பழக்கமே இல்லியா? எங்கூட்டுக் கோழிதான் விருந்தா?”

போகும்போது அந்தச் சிரிப்பு இல்லை. “இன்னொரு தபா வந்துச்சுன்னா என்னைக் கேக்காதீங்க” என்றார்.

இப்போது அது கேட்டை ஒட்டி விறைத்துக் கிடந்தது. வாயோரத்தில் நுரை காய்ந்திருந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர், சீருடையைக்கூடக் களையாமல் அதன் அருகே உட்கார்ந்தார்.

“ரோஜாப் பண்ணை ஓடைல மருந்துத் தண்ணியக் குடிச்சிருக்கும்” என்றார்.

நடக்கக்கூடியதுதான். பண்ணைகளில் பூச்சிமருந்து அடித்த நாட்களில் அந்த ஓடை வெளுத்து ஓடும். ஆனாலும் எனக்கு மனம் அடங்கவில்லை.

“கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். அறுத்துப் பாத்துச் சொல்லட்டும்.”

“சொன்ன பெறகு? அவருதான்னு தெரிஞ்சா என்ன செய்யப் போற? தண்ணிக்கு எங்க போவ?”

“அவரு இல்லன்னு தெரிஞ்சா நிம்மதியாக் குடிப்பேன்ல.”

அவர் எழுந்து, புதைக்க இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தார். வாசல் முதல் பின்சுவர் வரை சிமெண்ட் போட்ட வீடு எங்களுடையது. புதைக்க ஒரு பிடி மண் கிடையாது. தெருவில் எது செத்தாலும் ஏரிக்கரையில் கொண்டுபோய்ப் போடுவார்கள். எங்கள் மடியில் வளர்ந்ததை அப்படி விட எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

நாங்கள் யாரிடமும் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். தோளில் கடப்பாரையும் மண்வெட்டியும். கையில் ஒரு பை கல்லுப்பு.

“எங்க தோட்டத்துல பொதைச்சிரலாம் சார். ஏரிப்பக்கம் போட்டா நாய்ங்க இழுத்துப் போட்டுரும்.”

குழியில் உப்பிடுவது எங்கள் ஊரிலும் வழக்கம்தான். உடல் சீக்கிரம் மண்ணாகும், நாற்றம் எழாது என்பார்கள். ஆனால் தெருமுனைக் கடை இன்னும் திறந்திருக்கவில்லை. நான் பையைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“தென்னைக்குப் போட வாங்கி வெச்சதும்மா” என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பழைய நூல் புடவை ஒன்றில் நாயைச் சுற்றி நானே தூக்கிக்கொண்டேன். தோட்டத்தில் அவர் மரங்களைத் தாண்டி நடந்தார். போர்வெல்லையும் தாண்டி, முள்வேலி மூலையில் போய்த்தான் கடப்பாரையை இறக்கினார். செத்துப்போன தம் கன்றுக்குட்டியை மாமரத்தடியில் புதைத்தவர் அவர். மரத்துக்கு உரமாகும் என்று அப்போது சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இதை மட்டும் ஏன் இவ்வளவு ஒதுக்குப்புறமாகக் கொண்டுவந்தார்? நஞ்சுண்ட உடல் என்று தெரிந்ததாலா, அல்லது பிறத்தியார் நாய் என்பதாலா? குழி வெட்டும்போது அவர் அதன் முகத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை என்பதையும் மனத்தில் குறித்துக்கொண்டேன். பார்த்திருந்தால் அதையும் குறித்துக்கொண்டிருப்பேன்.

நாயைக் குழியில் கிடத்தினோம். அவர் பையின் வாயைப் பிரித்தார்.

“உப்பு வேண்டாம்ணா.”

“போடலன்னா நாறும்மா. நாய்ங்க வந்து தோண்டும்.”

“பரவால்ல. வேண்டாம்.”

கணவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். உடல் சீக்கிரம் மண்ணாகாமல் கிடக்கட்டும் என்று நான் ஏன் நினைக்கிறேன் என்பது அங்கே நின்ற மூவருக்கும் புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அறுத்துப் பாக்கணும்னா பாரும்மா. போய் டாக்டரைக் கூட்டினு வா. நான் குழிய மூடல. காக்கா வராம இங்கயே குந்தினு இருக்கறேன்.” பிறகு கணவரிடம் திரும்பி, “வீட்டம்மாவ போலீஸ் வேலைக்கு அனுப்பிருக்கலாம் சார் நீங்க” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. குற்றமற்றவர் அப்படிச் சொல்லலாம். நாங்கள் போகமாட்டோம் என்று கணக்குப் போட்டவரும் அப்படியே சொல்லலாம். அவர் குரலில் இருந்தது கோபமா, மனவருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

போவதென்றே முடிவு செய்து இரண்டடி வைத்தேன். வேலியோரத்துக் கொட்டகையில் அவர் மாமரங்களுக்கு அடிக்கும் மருந்து டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ரோஜாப் பண்ணைக் குப்பைமேட்டில் கிடப்பவையும் அதே நிறம், அதே டப்பாக்கள். அறுத்துப் பார்த்தால் மருந்தின் பெயர் தெரியலாம். அது ஓடையில் வந்ததா, ஒரு பிடி சோற்றில் வந்ததா என்பதை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதற்காக அந்தச் சின்ன வயிற்றைக் கிழிக்க வேண்டுமா?

திரும்பி வந்தேன். “மூடிருங்கண்ணா.”

“உப்பு?”

“போடுங்க.”

அவர் தயங்கவில்லை. பை முழுவதையும் கொட்டி, மண் தள்ளி, மேலே முள் வெட்டிப் போட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல் மோட்டார் ஓடியது; தொட்டி நிறைந்தது. ஒரு குடம் பிடித்து முகர்ந்து பார்த்தேன். வாசனை எதுவும் இல்லை. அடுப்பில் ஏற்றினேன். நஞ்சு கொதியில் போகாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்த வீட்டில் இருந்தவரை தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கவில்லை. ஓசூர்க் குளிருக்கு நல்லது என்று கணவரிடம் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.