கொஞ்சம் தள்ளிச் சொன்ன பாயிண்ட்

ஜெகதாப்பட்டினத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரோட்டை விட்டு இறங்கி நின்றேன். அடிக்க வருகிறார்களோ என்று. வந்தவர்கள் யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அன்றுதான் என்னை விசைப்படகிலிருந்து இறக்கிவிட்டார்கள். எங்கள் டிரைவர் கண்டுபிடித்து வைத்திருந்த பாயிண்டை, அதாவது கடலில் மீன் கிடக்கும் இடத்தை, நான் வேறொரு போட்டுக்குச் சொல்லிவிட்டேனாம். இந்தப் பேர் விழுந்தவனை அந்தக் கரையில் எந்தப் போட்டிலும் ஏற்றமாட்டார்கள்.

நான் சொல்லவில்லை. ஆரம்பத்திலிருந்தே எனக்குப் போட்டில் இருந்த பெட்டி மேல்தான் சந்தேகம்.

கல்லூரியிலிருந்து ஒரு மேடம் வந்து அந்தச் சின்னப் பெட்டியைப் பொருத்தினார். போட்டு இருக்கும் இடத்தை அது பூட்டி, நடுவில் சர்வர் என்ற ஒரு கம்ப்யூட்டர் வழியாக வீட்டுக்கு அனுப்பும். எல்லை தாண்டியதாகக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், கடைசியாக எங்கே இருந்தோம் என்று வீட்டுக்குத் தெரியும்.

"நடுவுல இருக்க சர்வர் பாத்துருமே மேடம்?" என்றேன். நான் ஏழாவதோடு நின்றவன். ஆனால் நடுவில் நிற்கிற ஆட்களைப் பல ஊரில் பார்த்திருக்கிறேன்.

"பாக்க முடியாதுங்க. டிரைவர் பூட்டை மாத்த மட்டும் ஒரு சாவி கொடுத்து வைப்பார். சர்வர் அதை வச்சு, திறக்காமலே, அவங்க வீட்டம்மா போன்ல மட்டும் திறக்கிற பூட்டா மாத்தி அனுப்பும்."

"தொறக்காமயே பூட்ட மாத்துமா? நல்லா இருக்கே!" எல்லோரும் சிரித்தோம்.

மேடம் அசரவில்லை. அந்தப் பூட்டுக்குள் வலைக்கண் மாதிரி வரிசையாகப் புள்ளிகளாம், ஆனால் இரண்டு திசையில் இல்லை, நூற்றுக்கணக்கான திசைகளில். அதில் வேண்டுமென்றே கொஞ்சம் பிழை சேர்த்துப் புள்ளியைத் தள்ளிவைப்பார்களாம். சாவி இல்லாவிட்டால் எந்தப் புள்ளி என்று பெரிய கம்ப்யூட்டரும் திணறுமாம். கணக்கு லேசானது, அதனால் சின்னப் பெட்டியே போதுமாம்.

டிரைவர் தொடையில் தட்டினார். "நாங்களும் அதத்தானே செய்யிறோம்! எவனாச்சும் பாயிண்ட் கேட்டா கொஞ்சம் தள்ளித்தான் சொல்லுவோம். தேடிக்கிட்டே கெடப்பான்."

அதோடு அவருக்குப் பெட்டி பிடித்துப்போனது. திறக்க முடிந்தவர் அடுத்த ஆளுக்கும் இதேபோல அனுமதி கொடுக்கலாம் என்று மேடம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

கடைசியாகக் கடலுக்குப் போனபோது, எங்கள் பாயிண்டில் எங்களுக்கு முன்பே ஒரு போட்டு வலை இழுத்துக்கொண்டிருந்தது. அது டிரைவரின் மச்சான், அதாவது அவர் மனைவியின் அண்ணன் போட்டு.

கரைக்கு வந்ததும் டிரைவர் போனில் மேடத்தை ஏசினார். சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி படகில் ஏறி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அந்தப் பொண்ண ஏன் ஏசுறீங்க? எங்கண்ணனும் தொறந்து பாக்க நாந்தான் அனுமதி குடுத்தேன். ஒங்களப் புடிச்சிட்டுப் போனா அந்தச் சர்வரா தேடி வரும்? எங்கண்ணன்தான் வரணும்."

அந்தக் கரையில் ஒரு போட்டைக் காணோம் என்றால் முதலில் ஓடுவது மச்சான் போட்டுதான். அந்த அக்கா அதைத்தான் நினைத்திருக்கிறார். பூட்டும் உடையவில்லை, சர்வரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் மச்சானைக் கேட்டால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோகும். கேட்காமல் விட்டால் கரையில் டிரைவர் மானம் போகும். ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த என்னை அவர் திரும்பிப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

"நீதான்டா சொல்லியிருக்க."

"அண்ணே, அக்கா பேசுனது என் காதுல விழுந்துச்சு."

"ஒனக்குக் காது ரொம்ப நல்லாக் கேக்குது. அதான் ஒன்னய வச்சுக்க முடியாது. அங்கிட்டுப் போயிரு."

ஆவுடையார்கோவிலுக்கு வந்துசேர்ந்து பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். மறுநாள் காலை டீக்கடை வாசலில் ஓர் அறுப்பு மெஷின் நின்றது. நெல் கொட்டத் தார்ப்பாய் விரிக்க ஆள் வேண்டுமென்று அதன் சொந்தக்காரர் கேட்டார். முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்றார். போட்டில் என்றேன். ஏன் வந்தாய் என்றார். இவருக்கு அதற்குள் சேதி வந்துவிட்டதோ என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. பாயிண்ட் வெளியே போனதையும் பழி என் மேல் விழுந்ததையும் சொல்லிவிட்டேன்.

"வயலு ரோட்டோரமா கெடக்கு, ஊரே பாக்குது. இங்க யாருகிட்ட என்னத்தச் சொல்லப் போற? ஏறு."

ஏறிக்கொண்டேன்.