விரிசல்மேல் வைத்த புதர்

மலைக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆள். கடைப் பலகைகளில் எழுத்து எழுதிப் பிழைப்பைத் தொடங்கியவர், ஒருநாள் தன் மாடி ஜன்னலுக்கு எதிரே நின்ற மலையைத் துணியில் எண்ணெய்ச் சாயத்தால் வரைந்தார். அது விற்றுத் தொலைத்தது. அவ்வளவுதான், அதற்கப்புறம் முப்பது வருஷம் அதே ஜன்னல், அதே மலை.

"வேற எதையாவது வரைஞ்சா கை சுளுக்கிக்குமா?" என்று மனைவி உயிரோடு இருந்தவரை கேட்டுப் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை.

அந்த மலையில் உச்சிக்குக் கீழே கோணலாக ஒரு விரிசல், நூல் அளவுக்கு. கண்ணில் பட்டதை விட்டுவிட அவருக்கு மனம் வராது, அதையும் வரைந்தார். படக்கடை முதலாளி முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது? அவனவன் வீட்டுச் சுவர்ல இருக்குற விரிசல் பத்தாதா, காசு குடுத்து வேற வாங்கி மாட்டணுமா? ஒரு புதரை வெச்சு மூடு."

மலைக்காரர் வார்னிஷ் பூசிக் காய்ந்த படத்தின் மேலேயே பச்சையாக ஒரு புதரை அப்பினார். படம் உடனே போய்விட்டது. அன்றிலிருந்து அதுவே வழக்கம்: முதலில் தன் மனசுக்காக விரிசல், அப்புறம் வார்னிஷ், கடைசியில் முதலாளிக்காகப் புதர். வசதியான வீடுகளில் எல்லாம் அந்தப் புதர் தொங்கியது. மகள் கல்யாணத்துக்கும் அதையேதான் பரிசாகக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குக் கல்குவாரியில் வேலை. குடியிருப்பு மலைக்கு நேர் கீழே.

பதினொரு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், புதர் வைத்துக்கொண்டிருந்த கை நின்றது. புதர் போதவில்லை. பக்கத்தில் இன்னொன்று வைத்தார். அப்போதும் விரிசலின் நுனி எட்டிப் பார்த்தது. மூன்றாவதை வைத்த பிறகுதான் மறைந்தது. முன்பெல்லாம் ஒன்றே போதுமே!

நிமிர்ந்து மலையைப் பார்த்தார். தினமும் பார்த்தும் பார்க்காமலே விட்டிருக்கிறார், பாவி. விரிசலுக்கு நேர் கீழே மகள் வீட்டுக் கொடியில் பேத்தியின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் குவாரி மேனேஜரிடம் ஓடினார்.

"மலைன்னா விரிசல் இருக்கத்தான் செய்யும் பெரியவரே. வளருதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"முப்பது வருஷமா வரையறேங்க."

மேனேஜர் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். "இது நீங்க வரைஞ்சதுதானே? விரிசல் எங்க?"

"புதருக்குப் பின்னாடி இருக்குங்க."

"அந்தப் புதர் மலையில எங்க?"

"மலையில... இல்லைங்க."

"இல்லாத புதரை வரைஞ்ச ஆளை நம்பி நான் குவாரியை மூடணுமா? வெயில் நேரத்துல அலையாதீங்க, போய்ப் படுங்க." அறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

வெளியே வந்தால் மேகம் திரண்டு நின்றது. மழைத் தண்ணீர் அந்த விரிசலுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். நேராக மகள் வீட்டுக்குப் போய், உடனே வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்.

"எங்கப்பா போகச் சொல்றீங்க? மேனேஜரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரே!" என்றாள் மகள்.

அவர் சுவரில் இருந்த கல்யாணப் படத்தைக் கழற்றிப் பாயில் போட்டு, காய்கறிக் கத்தியால் சுரண்ட ஆரம்பித்தார்.

"ஐயோ, என் படம்ப்பா! பைத்தியம் பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

வார்னிஷ் மேல் ஒட்டியிருந்த புதர் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கீழே பதினொரு வருஷத்துக்கு முந்தைய விரிசல், ஒரு வெள்ளைப் பாறைக்கு மேலேயே முடிந்திருந்தது. மகளைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார்.

"இப்ப மேல பாரும்மா. வெள்ளைப் பாறை எங்க இருக்கு, விரிசல் எங்க நிக்குது?"

மகள் பார்த்தாள். பாறை இரண்டாகப் பிளந்திருந்தது. விரிசல் அதைத் தாண்டி, பாதி மலை இறங்கி, ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உடனே குழந்தையை ஒரு இடுப்பிலும் படத்தை இன்னொரு இடுப்பிலும் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். இருட்டுவதற்குள் குடியிருப்பு காலியாகிவிட்டது. கத்துவதற்கென்றே வந்த மேனேஜர் அந்தப் படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுச் சாமான்களை ஏற்றப் போனார்.

நாலாம் நாள் மழையில் மலை இறங்கியது. அடியில் நாற்பது வீடு. ஆள் ஒருவர்கூட இல்லை.

விஷயம் பரவியதும், அவர் படம் வைத்திருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கத்தியை எடுத்தார்கள். அதனால் இன்றைக்கு அவர் வரைந்ததில் ஒன்றுகூட முழுசாக இல்லை. எல்லாவற்றிலும் அதே இடத்தில் சுரண்டிய தழும்பு. அவர் அதற்கப்புறம் தூரிகையைத் தொடவில்லை. கல்யாணப் படம் மட்டும் மகளின் புது வீட்டில் தொங்கியது. பேத்தி விளையாட்டாக அந்த விரிசல்மேல் விரலை வைத்தால் போதும், "கையை எடு கண்ணு!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொள்வார், மலையே இல்லாமல் போய் ஏழு வருஷம் ஆன பிறகும்.