இறக்கைக்குள் ஒரு தையல்

என் அக்கா முப்பத்தொரு வருஷம் டெலிபோன் இலாகாவில் லைன் பழுது பார்த்தவள். எவர் வீட்டுப் போன் செத்தாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவள்தான் போவாள். போனதும் ஒரே கேள்வி: "கடைசியா இதுல கை வச்சது யாரு?" யாருமே வைக்கவில்லை என்று குடும்பமே சாதிக்கும். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில், கட்டிலை நகர்த்தும்போது ஒயர் மேல் கால் ஏறியதாக யாராவது முனகுவார்கள். பழுது பாதி ஒயரில் இருக்கும், மீதி மனுஷன் மூஞ்சியில் இருக்கும் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவள், தன் வீட்டு ஷெட்டிலேயே ஒன்பது வருஷமாக ஒரு விமானம் நின்றும் அதில் ஒரு விரல்கூட வைத்ததில்லை. காரணம் அத்தான்.

அத்தான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் பூச்செடி வைப்பார்கள். இவர் ஐம்பது வயதில் விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த மனிதர். ஓய்வு பெற்ற மறு மாதமே வரைபடமும் மரச்சட்டமும் வாங்கி, ஓர் ஆள் உட்காரும் விமானத்தைத் தானே கட்ட உட்கார்ந்துவிட்டார். அந்த வரைபடத்தில் விளக்கு ஒயருக்கு வழி குறித்த அன்றைக்கே அக்கா நல்ல மனதோடு ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஒயரைச் சட்டத்தோட சேர்த்துக் கட்டாதீங்க. மெல்லிசா ஒரு குழாய் போட்டு அதுக்குள்ள விடுங்க. பின்னாடி பழுதானா உருவிட்டு வேற விடலாம்."

"இது டெலிபோன் கம்பம் இல்லம்மா, விமானம்" என்றார் அத்தான். "குழாய் போட்டா வெயிட்டு ஏறும்."

"சரிங்க" என்றாள் அக்கா. எங்கள் குடும்பத்துப் பெண்கள் வாயில் 'சரிங்க' என்பது கெட்ட வார்த்தை. அன்றைக்கு ஷெட்டை விட்டு வெளியே போனவள்தான்.

ஆழம் தெரியாமல் அதில் காலை விட்டவன் நான். பஸ்ஸுக்கும் சினிமா தியேட்டருக்கும் சீட் கவர் தைப்பது என் தொழில். அத்தானின் இறக்கை மரச்சட்டத்தால் ஆனது. மேலே துணி போர்த்தவேண்டும். ஒரு முழ நீள ஊசியை மேலே குத்தி, கீழே வாங்கி, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் துணியைச் சேர்த்துக் கட்டவேண்டும். "உன் கைக்கு இதெல்லாம் ஜுஜுபி மச்சான்" என்றார். புகழ்ச்சிக்கு மயங்கி நாலு மாதம் முதுகு ஒடிந்தேன். மேலே பெயின்ட் அடித்து முடித்தபோது இறக்கை மத்தளம் மாதிரி விறைத்து நின்றது.

எல்லாம் முடிந்து, சோதனை அதிகாரி வரவேண்டிய நாளும் வந்தது. மாலை மூன்று மணிக்கு வருவார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் தரையை விட்டுக் கிளம்பலாம். இன்று தவறினால் அவர் வர இரண்டு மாதம் ஆகும். அத்தானுடைய உடல் தகுதிச் சீட்டோ இந்த மாதக் கடைசியோடு சரி. அடுத்த சீட்டு இந்தக் கண்ணுக்குக் கிடைக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆக, இன்று இல்லையென்றால் என்றைக்கும் இல்லை.

காலை ஒன்பது மணிக்கு வலது இறக்கை நுனியில் பச்சை விளக்கு எரிய மறுத்தது. அது எரியாமல் அதிகாரி கையெழுத்துப் போடமாட்டார்.

அத்தான் மூன்று பல்பு மாற்றினார். ஸ்விட்சைக் கழற்றிப் பூட்டினார். பல்பைக் கழற்றிவிட்டு ஒயர் முனையில் மீட்டரை வைத்தால் பன்னிரண்டு வோல்ட் காட்டுகிறது. பல்பை மாட்டினால் இருட்டு. "கரண்ட் வருது, விளக்கு எரியல. இது எந்த ஊர் நியாயம்?" என்று பல்பைப் பார்த்துக் கேட்டார். பத்தரை மணிக்கு வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பரீட்சையில் பெயிலான பையன் மாதிரி இருந்தது அவர் முகம். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது: குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அது.

தைத்த நாளில், நுனியிலிருந்து ஏழாவது சட்டத்தில் ஊசி எதிலோ கெட்டியாகத் தடுத்தது. மரமாக இருக்கும் என்று ஓங்கிக் குத்தினேன். ஊசி முனை ஒடிந்தது. வேறு ஊசி எடுத்து, அதே ஓட்டையில் வாங்கி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டேன். அன்றைக்கு விளக்கு எரிந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

சமையலறையில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கப் போன சாக்கில் மெதுவாகச் சொன்னேன்.

"விட்டுடுக்கா. இந்த வயசுல எதுக்கு அவருக்கு ஆகாயம்? விளக்கு எரியலன்னா தானா முடிஞ்சிடும். ஆளு பத்திரமா வீட்டோட கிடப்பாரு."

அவள் கத்தி நின்றது. அதையே அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது சத்தியம். காயை அரை மணி நேரமாக நறுக்குகிறாள், தட்டில் பத்துத் துண்டுகூட இல்லை. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன்.

"பழுது எங்கேன்னு உனக்குத் தெரியும்ல?"

"எனக்கு என்னக்கா தெரியும், நான் தையல்காரன்…"

"எத்தனையாவது சட்டம்?"

"ஏழு" என்றேன்.

"எனக்காக மறைச்சேன்னு மட்டும் சொல்லாத. நீ உன் தோலைக் காப்பாத்திக்க மறைச்ச" என்றாள். உண்மைதான். வெட்கமாகப் போயிற்று.

ஒன்பது வருஷம் கழித்து அக்கா ஷெட்டுக்குள் வந்தாள். அத்தான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார், இன்ஸ்பெக்டரைக் கண்ட வாத்தியார் போல. அவள் பல்பை மாட்டிய நிலையிலேயே மீட்டரை வைக்கச் சொன்னாள். பன்னிரண்டு காட்டிய மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது.

"ஒயர்ல ஒரு இழைதான் மிச்சம் இருக்கு. மீட்டருக்கு அந்த ஒரு இழை போதும், பல்புக்குப் பத்தாது" என்றாள். "இவன் உங்க ஒயரைச் சேர்த்துத் தைச்சுட்டான்."

அத்தான் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. திட்டும்போது கணக்கு வாத்தியாருக்கு இலக்கணமும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. திட்டி முடித்து, சுருதி இறங்கி, "குழாய் போட்டிருக்கணும்" என்றார். அக்கா கேட்காதவள் போல ஒயர் உரிக்கும் கத்தியைத் தீட்டினாள்.

இடம் தெரியாவிட்டால் இறக்கைத் துணி முழுவதையும் கிழிக்கவேண்டியிருந்திருக்கும். மூன்று வாரம் போயிருக்கும். தெரிந்ததால் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பிளேடால் திறந்தேன். என் கயிறு ஒயரை நெரித்துக்கொண்டு கிடந்தது. அக்கா அறுபட்ட இடத்தை வெட்டி, புது ஒயர் வைத்து இணைத்து, உறை போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். நான் ஒயரை ஒதுக்கி வைத்துத் திரும்பவும் தைத்து, மேலே ஒட்டுத் துணி போட்டேன்.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, இறக்கையைப் பிடித்து உலுக்கினார். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. ஒட்டைத் தடவிப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"என் மச்சான் கெடுத்தான், என் சம்சாரம் சரி பண்ணினாங்க சார்" என்றார் அத்தான்.

"அதையே எழுதிக் கொடுங்க" என்று சொல்லி, அத்தான் எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அத்தான் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் சின்னப் பிள்ளை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்.

அக்காவைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அப்பா செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"பயமா இருக்குடா. அந்த மனுஷன் விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அப்போ காலையில சும்மா இருந்திருக்கலாமேக்கா. யாருக்குத் தெரியும்?"

மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இருந்திருக்கலாம்டா. அப்புறம் தினமும் அவரு எதிர்ல உட்கார்ந்து, 'போகட்டும் விடுங்க, நம்ம தலையெழுத்து'ன்னு ஆறுதல் சொல்லணும். நாப்பது வருஷம் கூட இருந்த மனுஷன்கிட்ட என்னால அது முடியாது. அவரு மேல போய்ட்டு வரட்டும். நான் கீழ நின்னு பயந்துக்கறேன்."